வாசகர் கேள்வி-பதில்: துரைமாரின் குதிரைப்படை

கேள்வி: எங்கள் தோட்டத்துப் பெரிய பங்களாவில், பழைய துரை ஒருவர் இராணுவச் சீருடையோடு குதிரைமீது அமர்ந்திருக்கும் படம் தொங்குகிறது. தேயிலைத் தோட்டம் நடத்த வந்தவருக்கு இராணுவத்தில் என்ன வேலை?
- வாசகர், பொகவந்தலாவை

பதில்: அவர் முழுநேரப் படைவீரராக இருந்திருக்க மாட்டார். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களமும், வேலையைப் பார்வையிட மலை சுற்றுவதும் தொழிலாக இருக்க, ஓய்வு நாட்களிலும் வருடாந்த முகாமிலும் மட்டும் துப்பாக்கி ஏந்திய தொண்டர் படையினருள் ஒருவராகவே இருந்திருப்பார். இலங்கையில் தொண்டர் படை 1881இல் தொடங்கியது. அதிலிருந்து 1892இல் குதிரையேறிய பிரிவொன்று பிறந்து, பின்னாளில் ‘சிலோன் மவுண்டட் ரைபிள்ஸ்’ என்ற பெயரில் 1938 வரை இயங்கியது. 1900இல் கண்டியைத் தலைமையிடமாகக் கொண்டு எழுந்த ‘சிலோன் பிளாண்டர்ஸ் ரைபிள் கோர்ப்ஸ்’ வேறு. அது துரைமாரைக் கொண்ட காலாட்படை, 1949இல் கலைக்கப்பட்டது.

குதிரைப்படை என்றதும் வாளை உருவிக்கொண்டு பாயும் கூட்டத்தை எண்ண வேண்டாம். நம் மலைச்சரிவுகளிலும் கான்களுக்கு (வடிகால்களுக்கு) இடையிலான குறுகிய பாதைகளிலும் அப்படிப் பாய இடமே இல்லை. இவர்களுக்குக் குதிரை விரைந்து போய்ச் சேர்வதற்கு மட்டும்தான். சேர்ந்ததும் இறங்கிக் காலாட்படையினரைப் போலவே சுடுவார்கள். நால்வர் கொண்ட ஒரு குழுவில் மூவர் முன்னேறிச் சுட, நான்காமவர் நான்கு குதிரைகளின் கடிவாளத்தையும் பிடித்துக்கொண்டு பின்னால் மறைவில் நிற்பார் என்பதால், படையின் கால்வாசித் துப்பாக்கிகள் சண்டை நேரத்தில் சும்மாவே இருக்கும். இருந்தும் தென்னாப்பிரிக்காவின் பரந்த வெளியில் போயர்கள் (அங்கு குடியேறிய டச்சு வழியினர்) இதே முறையில் பிரித்தானியரைத் திணறடித்தபோது, குதிரையேறத் தெரிந்தவர்களைப் பேரரசு எங்கும் தேடியது. 1900இல் இங்கிருந்தும் ஓர் அணி கப்பலேறியது. அதன் தளபதி மேஜர் மரே மென்சிஸ்.

இதன் மூலவடிவம் இங்கிலாந்தின் ‘யோமன்ரி’. பிரெஞ்சுப் புரட்சி தங்கள் நாட்டுக்கும் பரவிவிடும் என்று அஞ்சிய காலத்தில், 1794இல், நிலவுடைமையாளரும் வசதியுள்ள விவசாயிகளும் சொந்தக் குதிரைகளோடு சேர்ந்த பகுதிநேரப் படை அது. அன்னியப் படையெடுப்பைத் தடுப்பது ஒரு நோக்கம். உள்ளூர்க் கிளர்ச்சியை அடக்குவது மற்றொன்று. 1819 ஆகஸ்ட் 16ஆம் திகதி, மான்செஸ்டரில் நாடாளுமன்றச் சீர்திருத்தம் கேட்டுத் திரண்ட மக்களுக்குள் இவ்வகைப் படையொன்று குதிரைகளை விரட்டி வாள் வீசியதில் 10க்கும் மேற்பட்டோர் இறந்தனர். சொத்துள்ளவன் கையில் ஆயுதத்தையும் கொடுத்துவிட்டால் அவன் முதலில் காப்பது எதை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

கேள்வி: அந்தப் படையில் நம்மவர்கள் இருந்தார்களா?
- வாசகர், தலவாக்கலை

பதில்: பிளாண்டர்ஸ் படையில் ஐரோப்பியர் மட்டுமே சேரலாம். குதிரைப்படைக்கும் உறுப்பினரை அளித்தது பெரும்பாலும் அதே துரைமார் கூட்டம்தான். நம்மவர் இருந்த இடம் லயத்துக் (தொழிலாளர் வரிசை வீட்டுக்) குதிரைக்காரரின் இடம்: விடியுமுன் எழுந்து குதிரையைத் தேய்த்து, கொள்ளு வைத்து, சேணம் பூட்டி, துரை வரும்வரை பங்களா வாசலில் பிடித்து நிற்க வேண்டும். படத்தில் குதிரை பளபளப்பாக இருக்கிறதல்லவா, அந்தப் பளபளப்பு அவருடைய வேலை.

கேள்வி: தியத்தலாவை முகாமுக்கும் இந்தப் படைக்கும் தொடர்பு உண்டா?
- வாசகர், ஹப்புத்தளை

பதில்: உண்டு, ஆனால் சுற்றுவழியாக. முகாம் பெரிதாக எழுந்தது 1900இல், போயர் போர்க் கைதிகளை அடைத்து வைப்பதற்காக. ஏறத்தாழ 5,000 பேர் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டனர். கைதிகள் திரும்பிய பின் தொண்டர் படைகளின் பயிற்சிக்கு அந்த இடம் பயன்பட்டது. முதலாம் உலகப் போர் மூண்டதும், 1914இல், பிளாண்டர்ஸ் படையிலிருந்து 200க்கும் மேற்பட்டோர் எகிப்துக்குச் சென்று சூயஸ் கால்வாய்க் காவலில் நின்றனர். பின்பு அவர்களுள் ஒரு பகுதியினர் துருக்கியின் கலிப்போலியில், ஆஸ்திரேலிய-நியூசிலாந்துப் படைகளின் தளபதி ஜெனரல் பேர்ட்வுட்டின் தலைமையகத்தைக் காத்தனர். நன்கு படித்தவர்கள் என்பதால் பலருக்கு வேறு படைப்பிரிவுகளில் அதிகாரிப் பதவியும் கிடைத்தது.

கேள்வி: முல்லோயாவில் கோவிந்தனைச் சுட்டவர்கள் இவர்களா?
- வாசகர், ஹேவாஹெட்ட

பதில்: இல்லை. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது தொழிலாளி கோவிந்தனைச் சுட்டது பொலிஸ். தொண்டர் படையினர் உள்நாட்டு மக்கள்மீது ஏவப்பட்டதை அறிய 1915க்குப் போக வேண்டும். கம்பளைப் பெரஹரா ஊர்வலத் தகராறில் வேர்கொண்டு, மே மாத இறுதியில் கண்டியில் வெடித்த சிங்கள-முஸ்லிம் கலவரத்தை அடக்க ஜூன் 2ஆம் திகதி இராணுவச் சட்டம் வந்தது. பஞ்சாபிச் சிப்பாய்களோடு ஐரோப்பியத் தொண்டர்களும் ஆயுதமேந்தி இறங்கினார்கள். விசாரணையின்றிச் சுடப்பட்டவர்களும் உண்டு. இராணுவ நீதிமன்றத் தீர்ப்பின்படி ஜூலை 7ஆம் திகதி சுட்டுக் கொல்லப்பட்ட சிங்கள இளைஞர் ஹென்றி பேத்ரிஸும், கொழும்பு நகரக் காவற்படையில் கப்டன் தரத்தில் இருந்த ஒரு தொண்டர்.