குடி நிறுத்தும் மையத்தில் அத்தனை கேள்வி கேட்டு எழுதிக்கொள்கிறார்களே, எல்லாவற்றுக்கும் உண்மையைச் சொல்லத்தான் வேண்டுமா?

கேட்டவர் வீட்டில் யாரையோ மையத்துக்கு அழைத்துப்போகத் தயாராகிறார் என்று நினைக்கிறேன். கணவரோ, மகனோ. எதைச் சொல்லலாம், எதை மறைக்கலாம் என்று முந்தின ராத்திரி தூக்கம் வராது. எனக்கும் வரவில்லை.

உண்மையைச் சொல்லுங்கள். ஆனால் அது மட்டும் போதாது. என் தம்பி உண்மையைச் சொல்லியும் தப்பாகத்தான் எழுதிக்கொண்டார்கள்.

நாங்கள் வடசென்னையில் தண்டையார்பேட்டை. தம்பிக்குப் பக்கத்துக் காசிமேடு மீன்பிடி ஹார்பரில் விசைப்படகு இன்ஜின் வேலை. மூன்று வருடத்துக்கு முன்பு அழுது கெஞ்சி ஒரு மையத்துக்குக் கூட்டிப்போனேன். பெயர் வேண்டாம். கவுன்சிலர் ஒரு சின்னப் பெண், அவள் கையில் பத்துக் கேள்வி உள்ள தாள். அது உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய ‘ஆடிட்’ என்பது எனக்குப் பின்னால்தான் தெரியும். ஒவ்வொரு பதிலுக்கும் 0 முதல் 4 வரை மார்க், மொத்தம் 40. 8 தொட்டாலே ஆபத்தான குடி. 20 வந்துவிட்டால் குடிக்கு அடிமையாகியிருக்கலாம், டாக்டர் முழுதாகப் பரிசோதிக்க வேண்டும்.

நான் வெளியே பெஞ்சில் இருந்தேன். பிறகு வாங்கிய நகலையும் தம்பி சொன்னதையும் வைத்துச் சொல்கிறேன். எத்தனை நாளைக்கு ஒருமுறை குடிப்பீர்கள்? “டெய்லி மேடம்.” 4 மார்க். குடிக்கிற நாளில் எத்தனை டிரிங்க்? “ஒண்ணுதான் மேடம்.” 0. ஒரே நாளில் ஆறு டிரிங்க், அதற்கு மேல் போவதுண்டா? “ஆறெல்லாம் கிடையாது மேடம்.” 0.

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. எங்கள் பக்கத்தில் ஒண்ணு என்றால் ஒரு குவார்ட்டர், 180 மில்லி. அந்தத் தாளில் ஒரு டிரிங்க் என்றால் 10 கிராம் ஆல்கஹால். பாட்டிலில் 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும். கணக்குப் பார்த்தால் ஒரு குவார்ட்டரில் சுமார் 60 கிராம், அதாவது ஆறு டிரிங்க். விடியற்காலையில் ஹார்பருக்குப் போகும் முன் ஒரு கட்டிங் வேறு, அதாவது அரைக் குவார்ட்டர், அதில் மூன்று டிரிங்க். அதை அவன் குடியாகவே நினைக்கவில்லை, கை நடுக்கத்துக்கு மருந்து மாதிரி.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. 2, 3 ஆகிய இரண்டு கேள்விக்கும் சேர்த்து 0 வந்தால் 4 முதல் 8 வரை விட்டுவிட்டு நேரே 9-க்குப் போகலாம் என்று அந்தத் தாளிலேயே இருக்கிறது. காலையில் எழுந்ததும் குடித்தால்தான் முடிகிறதா என்பது 6-வது கேள்வி. அதைக் கேட்கவே இல்லை! குடியால் யாருக்காவது அடிபட்டதா என்ற 9-வது கேள்விக்கு, எப்போதோ குடித்துவிட்டு பைக்கில் விழுந்ததற்கு 2. வீட்டில் யாராவது குறைக்கச் சொன்னார்களா என்ற கடைசிக் கேள்விக்கு மட்டும் இல்லை என்று பொய் சொல்லிவிட்டான். மொத்தம் 6. “உங்களால முடியும்ணா, விட்டுடுங்க” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அவன் ரோஷக்காரன், அன்றைக்கே விட்டான். இரண்டாம் நாள் மதியம் சாப்பிட உட்கார்ந்தவனுக்கு வலிப்பு வந்து தட்டின் மேலேயே சாய்ந்தான். வருடக்கணக்காகத் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம், டாக்டர் பார்வையில் மருந்தோடுதான் நிறுத்த வேண்டும். எங்களுக்கு அது தெரியாது. அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஒரு தாளோடு வந்து வந்து, கையை நீட்டச் சொல்லி, நடுக்கம், வியர்வை, குழப்பம் எல்லாம் பார்த்து மார்க் போட்டு, அதன்படி மருந்து கொடுத்தார். தேறியதும் ஒரு டாக்டர் அதே பழைய பத்துக் கேள்வியை எடுத்தார். எத்தனை டிரிங்க் என்று அவர் கேட்கவில்லை. என்ன பாட்டில், எத்தனை மில்லி, முதல் வாய் எத்தனை மணிக்கு என்று கேட்டார். 28 வந்தது.

குடிகாரனுக்குப் பரிந்து பேசுகிறாள் என்று எழுத வருகிறவர்கள் வரட்டும். அந்தப் பெண்ணையும் நான் திட்டவில்லை, அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் சரியாகச் சொல்லிக்கொடுக்கவில்லை. ஊரில் புழங்கும் அளவைத் தெரிந்துகொண்டு கேளுங்கள் என்றுதான் அந்தத் தாளின் கையேடே சொல்கிறது. நான் ஜவுளிக்கடையில் பில் போடுகிறவள், டாக்டர் இல்லை. என் வீட்டில் நடந்ததைத்தான் சொல்கிறேன்.

அதனால் நீங்கள் மில்லியில் சொல்லுங்கள். காலையில் குடிப்பதைக் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். மாத்திரைப் பழக்கம் என்றால் அந்த அட்டையையே எடுத்துப்போங்கள். ‘அசிஸ்ட்’ என்று இன்னொரு தாள் இருக்கிறது, அதில் புகையிலை, கஞ்சா, தூக்க மாத்திரை என்று ஒவ்வொன்றுக்கும் தனி மார்க். வெறும் ‘மாத்திரை’ என்றால் எந்தக் கட்டத்தில் எழுதுவார்கள்?

சொன்னது வெளியே போகுமோ என்று பயமா? 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் குடி, போதையால் வரும் பாதிப்பும் அடக்கம். சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைக்க வேண்டும், நம் பதிவுகளை நாம் கேட்டுப் பார்க்கலாம் என்று அதில் இருக்கிறது. தம்பியை வைத்துக் கேட்டுத்தான் அந்த நகலை வாங்கினேன்.

ஒன்று மட்டும் இன்னும் ஆறவில்லை. அந்த முதல் மையத்தில், வேலை செய்யும் இடம் காசிமேடு என்று பார்த்ததும் “கேஸ் ஏதாவது இருக்கா?” என்று நிமிர்ந்து பார்த்தார்களாம். குடும்பம், வேலை, வழக்கு எல்லாம் கேட்பது வழக்கம்தான், ஆனால் கேட்கிற தோரணை என்று ஒன்று இருக்கிறது. தையல் மெஷின் லோனுக்குப் போனபோதும் என் பின்கோடைப் பார்த்துத்தான் அந்த ஆபீசர் முகம் மாறியது. பத்து வருடம் ஒரு தவணை தவறாமல் சீட்டு கட்டியவள் நான். வடசென்னை என்றால் கத்தியும் கஞ்சாவும்தான் என்று யார் இவர்களுக்குச் சொன்னது? விடியற்காலை மூன்று மணிக்கு மீன் ஏலம் எடுக்க ஓடும் பெண்களை ஒரு நாள் வந்து பார்க்கச் சொல்லுங்கள்.

சரி, தம்பி விஷயம். இப்போது வேறு இடத்தில் மாதாமாதம் ரிவியூ. கடைசி 30 நாளில் எத்தனை நாள் குடித்தீர்கள் என்று கேட்பார்கள். போன மாதம் உள்ளே போய்விட்டு வந்து பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தான். “ரெண்டு நாள், மொத்தம் இருநூத்து எழுபது மில்லின்னு சொல்லிட்டேன்க்கா” என்றான்.