பெட்டியில் ஆர்.எக்ஸ். 580, உள்ளே வேறொன்று: களியக்காவிளை வாசகருக்குச் சட்ட ஆலோசனை

கேள்வி: களியக்காவிளையில் இருக்கிறேன், கல்லூரி மாணவன். கேம் விளையாடுவதற்காக என் பழைய கம்ப்யூட்டரை (பி450 மதர்போர்டு, ரைசன் 3 2200ஜி) மேம்படுத்த நினைத்து, மூன்று மாதம் முன்பு திருவனந்தபுரத்தில் ஒரு கடையில் ரைசன் 5 5600, 16 ஜிபி ரேம், ஆர்.எக்ஸ். 580 8 ஜிபி கிராபிக்ஸ் கார்டு மூன்றையும் 24,100 ரூபாய்க்கு வாங்கினேன். பில் இல்லாமல் என்றால் கார்டில் 1,500 ரூபாய் குறைத்துத் தருவதாகச் சொன்னார்கள். அதனால் ப்ராசஸருக்கும் ரேமுக்கும் மட்டும் பில். கார்டுக்கு எஸ்டிமேட் தாளில் "ஆர்.எக்ஸ். 580 8 ஜிபி, புதியது, 11,000" என்று எழுதித் தந்தார்கள். மொத்தப் பணமும் ஜிபேயில் கொடுத்தேன். வாங்குவதற்கு முன்பு என் எஸ்.எம்.பி.எஸ். (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டி) படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி, மாற்ற வேண்டுமா என்று கேட்டேன். "வேண்டா, பழயது மதி" (வேண்டாம், பழையதே போதும்) என்று மலையாளத்தில் வாய்ஸ் மெசேஜ் வந்தது. மூன்றாவது வாரத்திலிருந்து கேமைத் திறந்த பத்து நிமிடத்தில் திரை கறுத்து கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிறது. கார்டின் விவரங்களைக் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளில் ஷேடர்ஸ் (கார்டுக்குள் இருக்கும் சிறு கணக்கீட்டு அலகுகள்) 2048 என்று காட்டுகிறது. கடையில் கேட்டால் "ஏழு நாள் டெஸ்டிங் வாரண்டி முடிந்துவிட்டது, உங்கள் எஸ்.எம்.பி.எஸ்.தான் காரணம், கேஸ் போடுவதென்றால் திருவனந்தபுரத்தில்தான் போட வேண்டும்" என்கிறார்கள். எஸ்டிமேட் தாளின் அடியிலும் விற்ற பொருளைத் திரும்பப் பெற மாட்டோம், திருவனந்தபுரம் நீதிமன்ற எல்லைக்கு உட்பட்டது என்று அச்சிட்டிருக்கிறது. எனக்கு மலையாளம் பேசத் தெரியும், எழுதப் படிக்கத் தெரியாது. என்ன செய்யலாம்?

பதில்: வழக்கை நாகர்கோவிலிலேயே போடலாம். பழைய 1986-ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டத்தில் கடை இருக்கும் ஊரிலோ வழக்குக்கான காரணம் எழுந்த ஊரிலோதான் போக முடியும். எல்லை தாண்டி வாங்கியவர்கள் அதனாலேயே சோர்ந்துபோய் விட்டுவிடுவார்கள். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அதை மாற்றிவிட்டது. அதன் 34-ஆம் பிரிவின்படி புகார் தருபவர் வசிக்கும் மாவட்டத்து ஆணையமே விசாரிக்கலாம். ஆதாரில் களியக்காவிளை முகவரி இருந்தால் கன்னியாகுமரி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் உங்களுடையது. நீங்கள் கையெழுத்துப் போடாத ஒரு தாளின் அடியில் கடைக்காரர் தாமாக அச்சிட்ட வரி, சட்டம் கொடுத்த இந்த உரிமையைப் பறிக்காது. புகாரைத் தமிழிலேயே எழுதலாம். வக்கீல் கட்டாயமில்லை.

இனி வழக்கின் உயிர் எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். திரை கறுப்பதைத்தான் நீங்கள் பெரிதாக எழுதியிருக்கிறீர்கள். என் கணிப்பில் உங்கள் பலம் 2048 என்ற எண்ணில் இருக்கிறது.

2017 ஏப்ரலில் ஏ.எம்.டி. வெளியிட்ட ஆர்.எக்ஸ். 580-க்கு 2304 ஷேடர்கள். 2018-இல் சீனச் சந்தைக்காக "ஆர்.எக்ஸ். 580 2048எஸ்.பி." என்று இன்னொன்று வந்தது. ஷேடர் எண்ணிக்கையில் அது கீழ்நிலை மாடலான ஆர்.எக்ஸ். 570-தான். கிரிப்டோ மைனிங்கில் (டிஜிட்டல் நாணயம் ஈட்டும் கணக்கீட்டு வேலையில்) இரவு பகலாக ஓடிய இத்தகைய கார்டுகளைத் துடைத்து, ஃபேன் மாற்றி, புதுப் பெட்டியில் போட்டு விற்பது நடக்கிறது. பெட்டியிலும் தாளிலும் "2048எஸ்.பி." என்ற சொல்லை மட்டும் விட்டுவிடுவார்கள். ஜிபியு-இசட்டில் டிவைஸ் ஐடி என்ற கட்டத்தையும் பாருங்கள். அசல் 580-க்கு 67டிஎஃப், 2048எஸ்.பி.க்கு 6எஃப்டிஎஃப் என்று இருக்கும். ஷேடர் எண்ணும் ஐடியும் ஒத்துப்போனால் உங்களிடம் இருப்பது எது என்பதில் சந்தேகமே இல்லை.

விவரித்துச் சொன்ன பொருள் ஒன்று, கொடுத்த பொருள் வேறொன்று என்பது 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவை மீறுவது. பழையதைப் புதியது என்று சொல்லி விற்றது நுகர்வோர் சட்டத்தின்படி நியாயமற்ற வணிக நடைமுறை. இந்தக் குற்றச்சாட்டுக்கு எஸ்.எம்.பி.எஸ். பதிலாகாது. மின்சாரம் ஏறினாலும் இறங்கினாலும் 2304 ஷேடர் 2048 ஆகிவிடாது. ஏழு நாள் டெஸ்டிங் வாரண்டியும் பதிலாகாது. வாரண்டி என்பது பழுதுக்கான காலக்கெடு. வேறு பொருளைக் கொடுத்ததற்கு அது மன்னிப்பு ஆகாது. அதனால் புகாரின் முதல் பத்தியில் இதை வையுங்கள்.

ரீஸ்டார்ட் விஷயத்தில் கடைக்காரர் சொல்வதை நான் தள்ளிவிடமாட்டேன். திரையில் கோடு கோடாக, கட்டம் கட்டமாக வந்தால் கார்டின் மெமரியைச் சந்தேகப்படலாம். விளையாட்டின் நடுவே முழுக் கம்ப்யூட்டரும் ரீஸ்டார்ட் ஆவது பெரும்பாலும் மின்சாரக் குறை. உங்கள் எஸ்.எம்.பி.எஸ். மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் +12வி என்பதற்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். அதை 12-ஆல் பெருக்குங்கள். 18 ஆம்பியர் என்றால் 216 வாட்தான், பெரிய எழுத்தில் 450 வாட் என்று போட்டிருந்தாலும். ஆர்.எக்ஸ். 580-க்கு 185 வாட், ரைசன் 5 5600 முழு வேகத்தில் 76 வாட், இரண்டும் சேர்ந்தாலே 261. மதர்போர்டு, ஃபேன், டிஸ்க் எல்லாம் அதற்கு மேல். தனி கார்டு இல்லாமல் 2200ஜி மட்டும் இருந்தவரை அந்தப் பெட்டி தாக்குப்பிடித்ததில் வியப்பில்லை.

ஆனால் இங்கேயும் கடைக்காரர் தப்ப முடியாதபடி அவருடைய குரலே உங்களிடம் இருக்கிறது. எந்தப் பயன்பாட்டுக்கு என்று சொல்லி, விற்பவரின் திறமையை நம்பி ஒருவர் வாங்கினால், பொருள் அந்தப் பயன்பாட்டுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்கிறது அதே 1930-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு. நீங்கள் எஸ்.எம்.பி.எஸ். படம் அனுப்பினீர்கள், கேட்டீர்கள், அவர் "மதி" என்றார். கார்டுக்கு வேண்டிய 8 பின் மின் இணைப்பு இல்லாததால் ஒரு மோலெக்ஸ் கன்வர்டரையும் (பழைய வகை மின் இணைப்பை அதற்கேற்ப மாற்றும் கேபிள்) அவரே தந்திருந்தால் அதைப் பத்திரமாக வையுங்கள். உங்கள் பழைய எஸ்.எம்.பி.எஸ்.ஸில் கார்டுக்கான கேபிளே இல்லை என்று அவருக்கு அன்றே தெரியும் என்பதற்கு அது சாட்சி.

எனவே கடைக்கு நோட்டீஸ் அனுப்புவதற்கு முன்பே ஒரு சோதனை செய்துவிடுங்கள். மார்த்தாண்டத்திலோ நாகர்கோவிலிலோ ஒரு சர்வீஸ் சென்டரில், 80 பிளஸ் என்ற மின்திறன் சான்று உள்ள 550 வாட் எஸ்.எம்.பி.எஸ். பொருத்திய கம்ப்யூட்டரில் இந்தக் கார்டை மாட்டி, அரைமணி நேரம் கேம் ஓட்டச் சொல்லுங்கள். முடிவு எப்படி வந்தாலும் லெட்டர்ஹெட்டில், கார்டின் சீரியல் எண், தேதி, என்ன எஸ்.எம்.பி.எஸ்., ஜிபியு-இசட் காட்டியது என்ன என்று எழுதி வாங்குங்கள். கார்டு நன்றாக ஓடினால் "கார்டு பழுது" என்று புகாரில் எழுதாதீர்கள். தவறான பொருள், தவறான ஆலோசனை என்ற இரண்டோடு நில்லுங்கள். பொய்யான ஒரு வரி மற்ற உண்மைகளையும் பலவீனமாக்கும். கார்டைத் திருகு கழற்றித் திறக்கவே வேண்டாம். ஸ்டிக்கர் கிழிந்தால் நீங்கள்தான் உள்ளே கை வைத்தீர்கள் என்பார்கள். வெளியிலிருந்து தெரியும் பழைய தடங்களை, அதாவது ஸ்லாட்டில் செருகும் தங்கநிறப் பட்டையின் கீறல், போர்டு வெப்பத்தில் நிறம் மாறிய இடம், திருகுத் தலையின் தேய்மானம் ஆகியவற்றை நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்தால் போதும்.

பெட்டியைத் தூக்கி எறிந்துவிடவில்லையே? இறக்குமதியான பொட்டலத்தில் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, அதிகபட்ச சில்லறை விலை, மாதம், ஆண்டு, நுகர்வோர் தொடர்பு எல்லாம் இருக்க வேண்டும் என்பது 2011-ஆம் ஆண்டு சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருள்கள்) விதிகள். அந்த லேபிளே இல்லையென்றால் அதையும் புகாரில் சேருங்கள். இருந்தால் அந்த இறக்குமதியாளரை இரண்டாம் எதிர்த்தரப்பாகச் சேருங்கள்.

பில் இல்லாததற்கு வருகிறேன். 1,500 ரூபாய்க்காக பில்லை விட்டது தவறு, ஆனால் அதனால் வழக்கு செத்துவிடாது. பில் தராமல் விற்பதையே 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டம் நியாயமற்ற வணிக நடைமுறை என்று 2(47) பிரிவில் வைத்திருக்கிறது. குறையுள்ள பொருளை, பில்லில் குறித்த காலத்துக்குள், அப்படிக் குறிக்காவிட்டால் 30 நாளுக்குள் திரும்ப எடுக்க மறுப்பதும் அதே பிரிவில்தான் வருகிறது. ஆக, "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்ற வரி உங்களுக்கு எதிரானதைவிட அவருக்கு எதிரானது. வாங்கியதை நிரூபிக்க எஸ்டிமேட் தாள், ஜிபே ரசீது, வங்கிக் கணக்கு விவரம், அன்றைய வாட்ஸ்அப் உரையாடல் நான்கும் சேர்ந்தால் போதும். ஜிபேயில் போன தொகை 24,100, பில்லில் இருப்பது 13,100, மீதி 11,000 எஸ்டிமேட் தாளோடு சரியாகப் பொருந்துகிறது. இந்தக் கூட்டலைப் புகாரிலேயே எழுதிக் காட்டுங்கள். ப்ராசஸர் பில்லில் உள்ள ஜிஎஸ்டி எண் 32 என்று தொடங்கும், அது கேரளப் பதிவு. அந்த எண்ணைக் கொண்டு ஜிஎஸ்டி தளத்தில் தேடினால் கடையின் பதிவுப் பெயரும் உரிமையாளர் பெயரும் கிடைக்கும். பெயர்ப்பலகையில் உள்ள பெயருக்கு வழக்குப் போட்டால் நோட்டீஸ் திரும்பி வரலாம்.

வாய்ஸ் மெசேஜை எழுத்தாக்கி, தமிழ் மொழிபெயர்ப்போடு இணையுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவு கேட்கும் மின்னணு ஆதாரத்துக்கான சான்றையும் சேர்த்துவிடுங்கள். போனை மாற்றாதீர்கள், அந்த உரையாடலை அழிக்காதீர்கள்.

பிறகு ஆங்கிலத்தில் ஒரு பக்க நோட்டீஸ், 15 நாள் கெடு வைத்து, விரைவு அஞ்சலில். (பதிவு அஞ்சல் 2025-இல் விரைவு அஞ்சலோடு இணைந்துவிட்டது. பட்டுவாடா சான்று கேட்டு வாங்குங்கள்.) இதற்கிடையே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியலாம். சில கடைகள் அந்த அழைப்போடு இறங்கி வந்துவிடும். கடைக்காரர் "கார்டைக் கொண்டுவாங்க, பார்க்கலாம்" என்றால் சீரியல் எண் எழுதிய ஒப்புகைச் சீட்டு இல்லாமல் கொடுக்காதீர்கள். திரும்பி வருவது வேறு கார்டாக இருந்தால் உங்கள் 2048 சாட்சியமே போய்விடும்.

பணம் வராவிட்டால் ஆணையத்தில் புகார். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. நடந்த நாளிலிருந்து 2 ஆண்டு அவகாசம் உண்டு. இணையவழித் தாக்கலும் முடியும். எதிர்த்தரப்புக்குப் பதில் சொல்ல 30 நாள், ஆணையம் அனுமதித்தால் இன்னும் 15. பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பும்படி எதிர்த்தரப்பு கேட்டால், அதன் கட்டணத்தை ஆணையம் உங்களைக் கட்டச் சொல்லலாம். ஷேடர் எண் ஆய்வகம் இல்லாமலே தெரிவது என்பதை முதலிலேயே ஏ.எம்.டி.யின் வெளியிட்ட விவரத்தோடு காட்டிவிடுங்கள். கேட்பது 11,000 ரூபாயும் வட்டியும், சோதனைச் செலவு, போக்குவரத்து, மன உளைச்சலுக்கு ஒரு நியாயமான தொகை. லட்சக்கணக்கில் கேட்பவரை யாரும் நம்புவதில்லை. விளையாடுவதை ஒளிபரப்பிச் சம்பாதிக்கிறேன் என்று எழுதப் போகிறீர்களானால், சுயவேலையாகப் பிழைப்புக்குச் செய்வது என்று தெளிவாக எழுதுங்கள். இல்லாவிட்டால் வணிக நோக்கம் என்று சொல்லி நுகர்வோரே இல்லை என்பார்கள். ப்ராசஸர் பில் யாருடைய கம்பெனி பெயரிலாவது இருந்தாலும் இதே சிக்கல் வரும்.

அடுத்த கார்டு வாங்கும்போது பில்லில் மாடல் பெயரை முழுதாக எழுத வையுங்கள். "ஆர்.டி.எக்ஸ். 3050" என்று மட்டும் எழுதினால் 8 ஜிபியும் அதுதான், 6 ஜிபியும் அதுதான். முதலாவதில் 2560 கோர் (ஷேடர் போன்ற அலகுகள்), 128 பிட் மெமரி இணைப்பு, 130 வாட். இரண்டாவதில் 2304 கோர், 96 பிட், 70 வாட். உங்கள் எஸ்.எம்.பி.எஸ்.ஸை மாற்ற முடியாத நிலையில் அந்த 70 வாட் கார்டே பொருத்தம், ஏனெனில் அதன் வழக்கமான மாடல்களுக்குத் தனி மின்கேபிள் தேவையில்லை. ஆனால் 8 ஜிபி விலைக்கு அதை வாங்கிவிடக் கூடாது.

கடைசியாக ஒன்று. பழைய 2200ஜி ப்ராசஸரை விற்றுவிடாதீர்கள். அதற்குள்ளேயே கிராபிக்ஸ் உண்டு, 5600-இல் கிடையாது. கார்டை ஆணையத்தில் ஒப்படைக்கச் சொன்னால், வழக்கு முடியும்வரை உங்கள் கம்ப்யூட்டர் அதில்தான் ஓட வேண்டும்.