குவார்ட்ஸ் குழாயை வெறுங்கையால் தொடலாமா?

சுத்தமான குவார்ட்ஸ் கல்லை உருக்கிச் செய்யும் சிலிக்கா கண்ணாடி பற்றி வந்த கேள்விகளில் சில. கடையில் குவார்ட்ஸ் குழாய் என்று கேட்டால் கிடைப்பது இதுதான்.

கே: திருப்பூரில் பனியன் பிரிண்டிங் செய்கிறோம். ஃபிளாஷ் டிரையரில் புது ஹீட்டர் குழாய் மாட்டினால் சீக்கிரமே வெள்ளையாகப் பூத்து, அங்கேயே விரிசல் விடுகிறது. சரக்கு மட்டமா?

ப: சரக்கைக் குறை சொல்லும் முன், பூத்த இடத்தை உற்றுப் பாருங்கள். மாட்டும்போது பிடித்த இடத்தில் விரல் அகலத்துக்கு இருந்தால், காரணம் கை வியர்வை. சுத்தமான குழாய் 1000 டிகிரி செல்சியஸ் வரை தொடர்ந்து சூட்டில் இருந்தாலும் பூக்காமல் தாங்கும். வியர்வையின் சோடியம் ஒட்டிய இடம் அதற்கு முன்பே படிகமாக மாறத் தொடங்கிவிடும். வெள்ளைப் பூப்பு அந்தப் படிகம்தான். ஆறும்போது 270 டிகிரிக்குக் கீழே படிகம் சட்டெனச் சுருங்கும், பக்கத்துக் கண்ணாடி சுருங்காது. அப்புறம் விரிசல் விடாமல் என்ன செய்யும்? பருத்திக் கையுறை போட்டு மாட்டுங்கள். பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகே கரண்ட் கொடுங்கள்.

கே: கோவையில் ஃபவுண்டரி வேலை. உருகிய இரும்பில் சூடு பார்க்க முக்கும் டிப்பில் சின்னக் கண்ணாடிக் குழாய் இருக்கிறதே, அது ஏன் வெடிப்பதில்லை?

ப: சூட்டில் அது நீள்வதே இல்லை என்று சொல்லலாம். 100 டிகிரி சூடேறினால் ஒரு மீட்டர் ஜன்னல் கண்ணாடி சுமார் 0.9 மி.மீ. நீளும். சிலிக்கா 0.06 மி.மீ. கூட நீளாது. வெளியே கொதித்து உள்ளே குளிர்ந்திருந்தாலும் இழுவிசை பெரிதாக வராது. அது இளகவே 1600 டிகிரிக்கு மேல் வேண்டும். வளைந்த அந்தக் குழாய்க்குள் இருக்கும் பிளாட்டினக் கம்பிக்குச் சில நொடி போதும், அளவு வந்துவிடும். மெழுகு அச்சை உருக்கி எடுத்துவிட்டு வார்க்கும் இன்வெஸ்ட்மென்ட் காஸ்டிங்கில் அந்த அச்சின் மேல் பூசும் கலவையில் இந்தக் கண்ணாடித் தூளைச் சேர்ப்பதும் இதே குணத்துக்காகத்தான்.

கே: காங்கேயம் பக்கம் தோட்டத்தில் வெங்கச்சங்கல் (வெள்ளைக் குவார்ட்ஸ் கல்) நிறைய கிடக்கிறது. உருக்கினால் சிலிக்கா கண்ணாடி ஆகுமா?

ப: பொருள் ஒன்றுதான். ஆனால் 1700 டிகிரிக்கு மேல் வேண்டும், கல்லும் மிகச் சுத்தமாக இருக்க வேண்டும். அடுப்பில் போட்டுப் பார்த்துவிடாதீர்கள்: 573 டிகிரியில் படிக அமைப்பு மாறிக் கல் தெறிக்கும். நொய்யல் கரைக் கொடுமணலில் அந்தக் காலத்தில் இந்த வகைக் கல்லை உருக்காமல், தீட்டித் துளையிட்டே மாலையில் கோக்கும் மணி செய்தார்கள். எவ்வளவு பொறுமை!

கே: யூ.வி. வாட்டர் ஃபில்டரில் விளக்கைச் சுற்றியிருக்கும் குவார்ட்ஸ் உள்குழாய் உடைந்துவிட்டது. சாதாரணக் கண்ணாடிக் குழாய் போடலாமா?

ப: கூடவே கூடாது. கிருமியைக் கொல்லும் 254 நானோமீட்டர் ஒளியைச் சாதாரணக் கண்ணாடி விழுங்கிவிடும். விளக்கு எரியும், கிருமி சாகாது. நம் பக்கத்து உப்புத்தண்ணியில் குழாய் மேல் படியும் வெள்ளைப் படலமும் ஒளியை மறைக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, குழாயைக் கழற்றி வினிகரில் ஊற வைத்துக் கழுவுங்கள். சிலிக்காவுக்கு வினிகரால் ஒன்றும் ஆகாது. துரு நீக்கும் சில திரவங்களில் ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் இருக்கும். அது இந்தக் கண்ணாடியையே அரிக்கும், தோலில் பட்டால் உயிருக்கே ஆபத்து. அதைத் தொடவே வேண்டாம்.