நடு சீட்

வணக்கம் மேடம்,

1992-ல் என் அப்பா வேலூரில் ஒரு செகண்ட் ஹேண்ட் பிரீமியர் பத்மினி வாங்கினார். 1986 மாடல், வெள்ளை. குடியாத்தத்தில் எங்கள் தெருவுக்கே அதுதான் முதல் கார். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளையும் நிற்காமல் ஏற்றிவிடுவார் அப்பா. முன்சீட்டில் தாத்தா ராஜா மாதிரி உட்கார்ந்திருப்பார். நானும் அண்ணனும் இடது பக்க ஜன்னலுக்கு அடித்துக்கொள்வோம். வாந்தி வராமலிருக்க அம்மா எலுமிச்சம்பழம் எடுத்து வைப்பார். குலதெய்வம் கோயிலுக்கும் அதில்தான் போவோம்.

அப்பா காலமாகி ஒரு வருடம் ஆகப்போகிறது. கார் ஷெட்டில் நிற்கிறது. பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்கிறார் அண்ணன். எனக்கு மனசு வரவில்லை. ரிப்பேர் செய்து வைத்துக்கொள்ளலாமா? அம்பாசடரைவிட பத்மினி உசத்திதானே? பழைய கார்களில் இருந்த உயிர் இப்போது வரும் கார்களில் இல்லை என்பது உண்மைதானே? உங்கள் முதல் கார் பற்றியும் எழுதுங்கள். என் அக்காவும் உங்கள் வாசகிதான்.

குடியாத்தம் வாசகர்

*

அன்புள்ள தம்பிக்கு,

அம்பாசடரா பத்மினியா என்ற பஞ்சாயத்துக்கு நான் வரவில்லை. அம்பாசடர் கல்கத்தா பக்கத்து உத்தரபாராவில் செய்தது, பத்மினி பம்பாய் குர்லாவில் செய்தது. இரண்டுமே இப்போது வருவதில்லை. சண்டையை அதோடு விட்டுவிடலாம். 'உயிர்' விஷயமும் எனக்குப் பிடிபடவில்லை. காலையில் சோக்கை இழுத்து, மல்லுக்கட்டி, கடைசியில் தெருப் பையன்கள் தள்ளிவிட்டு ஸ்டார்ட் ஆன வண்டி அது. அதற்கு உயிர் இருந்தது என்றால், அடிக்கடி போய்ப் போய் வந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான்.

என்னை நிறுத்தியது அந்த எலுமிச்சம்பழம். அப்பாவுக்கு அத்தனை வரி, தாத்தாவுக்கு ராஜா பட்டம், அம்மாவுக்கு ஒரு பழம்.

2023 அக்டோபர் கடைசியில் மும்பையில் பத்மினி டாக்சிகளின் காலம் முடிந்தபோது பத்திரிகைகள் உருகி உருகி எழுதின. வரிசையாகப் படித்தேன். அப்போதிலிருந்தே இது மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. கார் நினைவு என்றால் ஸ்டியரிங் பிடித்தவர் எழுதுகிறார், இல்லாவிட்டால் ஜன்னலோரம் உட்கார்ந்தவர் எழுதுகிறார். பின்சீட்டில் நடுவில் உட்கார்ந்தவர் எழுதி நான் படித்ததில்லை.

உங்களுக்கு அந்த இடம் தெரிந்திருக்க வாய்ப்பில்லை என்பதால் விளக்கமாகச் சொல்கிறேன். பத்மினியில் இன்ஜின் முன்னால், இழுவை பின்சக்கரத்தில். முன்னால் சுற்றுவதைப் பின்னால் கொண்டுபோக நீளமான புரொப்பல்லர் ஷாஃப்ட் ஒன்று காருக்கு அடியில் ஓடும். அதற்கு இடம் விட்டு, காரின் தளம் நடுவில் மேடு தட்டியிருக்கும். நடுவில் உட்காருபவர் காலை மேட்டின்மேல் வைத்தால் முழங்கால் நெஞ்சுக்கு வரும். ஆளுக்கொரு பக்கம் போடலாம், ஆனால் புடவை கட்டியவர் எப்படிப் போடுவார்? இரண்டு காலையும் ஒரே பக்கம் ஒடுக்கி, இடுப்பை முறுக்கிக்கொண்டு உட்காரவேண்டும். மடியில் பிள்ளை. காலடியில் புளிசாதத் தூக்கு. பிடித்துக்கொள்ள எதுவும் கிடையாது.

எங்கள் வீட்டு பத்மினி வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து திருவண்ணாமலைக்குப் போகும். கணியம்பாடி, கண்ணமங்கலம், போளூர் வழியாக 80 கிலோமீட்டருக்கு மேல். கியர் ஸ்டியரிங்கை ஒட்டியே இருந்ததால் முன்னால் மூன்று பேர் உட்காரலாம்: அப்பா, பெரியப்பா, நடுவில் சின்னப்பெண்ணாக நான். பின்னால் ஒரு ஜன்னல் பாட்டிக்கு, மூட்டுவலி. இன்னொரு ஜன்னல் அத்தைக்கு, பிறந்த வீட்டுக்கு வந்தவர், மரியாதை. நடுவில் அம்மா, மடியில் தம்பி. அப்படித்தான் உட்காரவேண்டும் என்று யாரும் சொன்னதில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை.

மே மாதம் என்றால் போளூர் போவதற்குள் வண்டி இருமி நின்றுவிடும். வேலூர்ப் பக்கத்து வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்லவேண்டுமா? பெட்ரோல் பம்ப் இன்ஜினோடு ஒட்டிக்கொண்டிருப்பது. அந்தச் சூட்டில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகிவிடும், கார்புரேட்டருக்கு வந்து சேராது. வைத்தியம், பம்பின்மேல் ஈரத்துணி சுற்றுவது. அப்பா பானெட்டைத் தூக்கி நிறுத்திவிட்டு இதையெல்லாம் பெரியப்பாவுக்கு விளக்கிக்கொண்டிருப்பார். துணி, அம்மாவின் பழைய சுங்குடிப் புடவையில் கிழித்தது. கிரீஸ் ஏறிக் கறுத்த பிறகும் ஓரத்தில் அரக்கு நிறக் கரை தெரியும். தண்ணீர், தம்பிக்கென்று அம்மா கூஜாவில் காய்ச்சி எடுத்துவந்தது. வண்டி கிளம்பியதும், "நம்ம வண்டி நம்மள கைவிடாதுண்ணா" என்பார் அப்பா. தம்பி தண்ணீருக்கு அழ ஆரம்பிப்பான்.

நான் வயதுக்கு வந்ததும் முன்சீட்டு தம்பிக்குப் போய்விட்டது. என்னைப் பின்னால் அனுப்பினார்கள். அதற்குள் பாட்டி இல்லை. நான் மேட்டுக்கு வந்தேன், அம்மாவுக்கு முதல்முறையாக ஜன்னல் கிடைத்தது. ரசித்துப் பார்த்துக்கொண்டு வந்தார் என்று நினைத்துவிடாதீர்கள். கண்ணமங்கலம் வருவதற்குள் தூங்கிவிடுவார்.

என் சம்பளத்தில் நான் வாங்கியது ஒரு பழைய மாருதி 800, டிஎன் 23 என்ற வேலூர் நம்பர். அது முன்சக்கர இழுவை, அடியில் ஓட ஷாஃப்ட் கிடையாது. அம்மா பழக்கதோஷத்தில் பின்கதவைத் திறந்து, குனிந்து பார்த்துவிட்டு, "இன்னாடி இது, இதுல மேடே காணோம்?" என்றார். அதைவிடப் பெரிய பாராட்டு அந்தக் காருக்குக் கிடைக்கவில்லை.

நீங்களும் அண்ணனும் இடது ஜன்னலுக்கு அடித்துக்கொண்டீர்கள். ஜெயித்தவன் இடதில், தோற்றவன் வலதில். முன்னால் ராஜா. அப்புறம் அம்மா எங்கே? ஏலகிரியில் ஒவ்வொரு வளைவிலும் ஒருமுறை உங்கள்மேலும் ஒருமுறை அண்ணன்மேலும் சாய்ந்து ஏறியவருக்கு அந்தக் காரைப் பற்றி என்ன தோன்றும் என்று இந்த ஒரு வருடத்தில் ஒருநாளாவது கேட்டீர்களா? அப்பாவின் நினைவு என்று நீங்கள் கட்டிப்பிடித்துக்கொண்டிருப்பது அவருக்கு இடுப்பு வலியாக இருக்கலாம். உங்களைவிட அதிகப் பிரியமாகவும் இருக்கலாம். அது எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

சரி, காருக்கு வருகிறேன். 50 வருடம் ஆகாததால் அது விண்டேஜ் கணக்கில் வராது. 15 வருடம் தாண்டிய வண்டி என்பதால், தெருவில் ஓட்டவேண்டுமானால் ஆர்.சி.யை 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கவேண்டும். கையில் காசும் நல்ல மெக்கானிக்கும் இருந்தால் செய்யுங்கள்.

ஆனால் நீங்களும் அண்ணனும் ஷெட்டில் நின்று பேசி முடிக்கிற விஷயமில்லை இது. ஆர்.சி. அப்பா பெயரில் இருந்தால் தாலுகா ஆபீசில் வாரிசுச் சான்றிதழ் வாங்கி, படிவம் 31 கொடுத்து, முதலில் பெயரை மாற்றவேண்டும். உயில் எதுவும் இல்லையென்றால் அம்மாவுக்கும் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அதில் சமபங்கு. அம்மாவிடம் கையெழுத்து வாங்கப் போகும்போது பேனாவை நீட்டுவதற்கு முன்னால் கேட்டுவிடுங்கள். அக்காவின் கையெழுத்தும் வேண்டும். என் வாசகி என்று எழுதியிருக்கிறீர்களே தவிர, அவர் அந்தக் காரில் எங்கே உட்கார்ந்தார் என்று எழுதவே இல்லை.