சிவப்பும் மஞ்சளும் ஒரே தட்டானா?

கேள்வி: பள்ளிக்கரணை சதுப்புநிலத்தில் ஒரே கோரைப் புதரில் ஒரு சிவப்புத் தட்டானும் ஒரு மஞ்சள் தட்டானும் உட்கார்ந்திருந்தன. இரண்டும் வேறு வேறு இனமா? எதைப் பார்த்து அடையாளம் காண்பது?

பதில்: ஒரே இனமாக இருக்கவும் நல்ல வாய்ப்பு உண்டு. பல தட்டான்களில் வளர்ந்த ஆணுக்குத்தான் பளிச்சென்ற நிறம். பெண் மஞ்சளாகவோ பழுப்பாகவோ இருக்கும். தோலுரித்து வெளிவந்து சில நாளே ஆன இளம் ஆணும் அப்படித்தான். நிறத்தை மட்டும் நம்பினால் ஒன்றையே இரண்டாக எண்ணிவிடுவோம்.

வால் என்று நாம் சொல்வது உண்மையில் அதன் வயிறு. சிவப்புத் தட்டானில் அதன் மேற்பக்கம் நடுவே மெல்லிய கருங்கோடு ஓடினால் அது குரோகோதெமிஸ் செர்விலியா என்ற இனம் (இங்கே தருபவை அறிவியல் பெயர்கள்). மஞ்சளிலும் அதே கோடு இருந்தால் அதே இனமாக இருக்கலாம். சிவப்பில் ஊதா கலந்து, இறக்கை நரம்புகளும் சிவந்திருந்தால் டிரைதெமிஸ் அரோரா. இறக்கையிலேயே ஆரஞ்சு நிறம் பரவியிருந்தால் பிராக்கிதெமிஸ் கன்டாமினேட்டா. இது அழுக்குத் தண்ணீரையும் தாங்கும், அதனால் நகரத்துக் குட்டைகளில் சாதாரணமாகக் கண்ணில் படும்.

ஒல்லியாக, இறக்கையை முதுகின்மேல் மடக்கி உட்கார்ந்தால் ஊசித்தட்டான். சில ஊசித்தட்டான்கள் இறக்கையைப் பாதி விரித்தும் உட்காரும். அப்போது கண்களைப் பாருங்கள், இரண்டும் தலையின் இரு ஓரத்திலும் நன்றாக விலகி நிற்கும்.

உட்காரும் விதமும் துப்புத் தரும். நடைபாதையில் காலடியிலிருந்து எழும்பி, நாலடி தள்ளித் தரையிலேயே மறுபடி உட்காரும் சின்னது பெரும்பாலும் டிப்ளகோட்ஸ் டிரிவியாலிஸ். அக்டோபர் வாக்கில் திறந்த வெளியில் கூட்டமாக, உட்காராமலே சுற்றுவது பன்டாலா ஃபிளாவெசென்ஸ். இந்தியப் பெருங்கடலையே தாண்டி ஆப்பிரிக்கா வரை போகும் தட்டான் இது. அதைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு மலைப்புத்தான்.

வெயில் ஏறத் தொடங்கும் 9 மணிக்குமேல் போங்கள், உடம்பு சூடேறினால்தான் அவை சுறுசுறுப்பாகும். உங்கள் நிழல் மேலே விழாமல் மெதுவாக நெருங்குங்கள். பறந்துவிட்டாலும் அங்கேயே நில்லுங்கள், பல தட்டான்கள் அதே குச்சிக்குத் திரும்பி வரும். கையால் பிடிக்க வேண்டாம், இறக்கை எளிதில் கிழிந்துவிடும்.

சரி, அந்த மஞ்சள் பெண்ணா, இளம் ஆணா? மேலிருந்து ஒரு படம் எடுத்தபின் பக்கவாட்டிலும் ஒன்று எடுங்கள். வயிறு தொடங்கும் இடத்தில், அடிப்பக்கம் சின்னப் புடைப்பு தெரிந்தால் ஆண்.