நேர்காணலில் மட்டும் வாயடைத்துப் போகிறேன்

அன்புள்ள அம்மா,

எனக்கு வயது 26. பி.காம். முடித்து வங்கி அதிகாரி தேர்வுக்குப் படிக்கிறேன். எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண் வருகிறது. நேர்காணலில் கோட்டை விடுகிறேன். சின்ன வயதிலிருந்தே யாரோடும் சட்டென்று ஒட்டமாட்டேன். சொந்தக்காரர்கள் 'ஊமைக்கோட்டான்' என்பார்கள். பயிற்சி மையத்து சாரோ, "சிரிச்ச முகமா இரும்மா, கணீர்னு பேசு" என்கிறார். என்னோடு படித்தவளுக்கு, வங்கிகள் கட்டாயமாக ஒதுக்கி வைக்க வேண்டிய இருப்பு விகிதங்களான சி.ஆர்.ஆருக்கும் எஸ்.எல்.ஆருக்கும் வித்தியாசம் சொல்லிக் கொடுத்ததே நான்தான். வாய்ச் சாமர்த்தியத்தில் அவள் வேலைக்குப் போய்விட்டாள். அதே கேள்வி எனக்கும் வந்தது, தடுமாறாமல் சொன்னேன். என்ன பிரயோஜனம்? படிப்பு முடித்து இடையில் என்ன செய்தீர்கள் என்றபோது மட்டும் நாக்கு ஒட்டிக்கொண்டது. அப்பா பக்கவாதத்தில் விழுந்து நான் வீட்டோடு இருந்த காலம் அது. அவரால் கையெழுத்துப் போட முடியாமல் கைநாட்டுக்காக வங்கிக்கு அலைந்ததையெல்லாம் அங்கே சொல்ல முடியுமா? "தேர்வுக்குப் படித்தேன்" என்று சமாளித்தேன். அது கிடக்கட்டும். பேசத் தெரிந்தவர்களுக்குத்தான் வேலையா அம்மா? என்னைப் போன்ற அமைதியான பிள்ளைகள் எப்படித் தயாராவது?

இப்படிக்கு,
திண்டுக்கல் வாசகி

அன்பு மகளுக்கு,

'அது கிடக்கட்டும்' என்று நீ தாண்டிப் போன இடத்திலேயே நான் நின்றுவிட்டேன். முன்பின் தெரியாதவர்கள் எதிரே உட்கார்ந்து சி.ஆர்.ஆர்., எஸ்.எல்.ஆர். பற்றித் தடுமாறாமல் சொன்னவள் நீ. உன் சுபாவம் அங்கே குறுக்கே வரவில்லை. குரல் போனது ஒரே கேள்வியில். அப்பாவோடு இருந்த வருடங்களை வெளியே சொல்லக்கூடாத ஒன்றாக மூடி வைத்திருக்கிறாய். சொன்னால் அவரைப் பாரம் என்று சொன்னதுபோல் ஆகிவிடுமோ என்ற பயமும் இருக்கலாம். மறைத்துப் பேசும்போது யாருக்கும் நாக்குக் குழறும், பேச்சில் கெட்டிக்காரர்களுக்கும்தான். அதுவும் "படித்தேன்" என்றால், எந்தத் தேர்வு, என்ன மதிப்பெண் என்றுதானே அடுத்துக் கேட்பார்கள்?

தோழி விஷயத்தில் நான் உன் பக்கம் இல்லை, கண்ணம்மா. வங்கிகளுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் ஐ.பி.பி.எஸ். நிறுவனத்தின் அதிகாரி தேர்வில் முதன்மைத் தேர்வுக்கு 80, நேர்காணலுக்கு 20 என்ற விகிதத்தில்தான் இறுதி மதிப்பெண் போடுகிறார்கள். வெறும் வாயை வைத்துக்கொண்டு அதில் தேற முடியாது. அவளும் படித்துத்தான் போயிருக்கிறாள். நீ சொல்லாமலேயே உன் அருமை எதிரில் இருப்பவர்களுக்குத் தெரிந்துவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. அவர்கள் உன்னைப் பார்ப்பதே கொஞ்ச நேரம்தான்.

கையெழுத்துப் போட முடியாத நோயாளியின் கைரேகையை, வங்கி அலுவலர் ஒருவர் உட்பட இரண்டு சாட்சிகள் அடையாளம் காட்டினால் ஏற்கலாம் என்பது ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதல். மற்றவர்கள் அதைப் படித்துவிட்டு வருவார்கள். படுக்கையில் கிடப்பவரின் பணத்தை எடுக்க வீட்டுக்கும் வங்கிக்கும் நடப்பது என்னவென்று உனக்குத் தெரியும். கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் உட்காரப் போகிறவளுக்கு இதைவிட என்ன பயிற்சி வேண்டும்? இதைப் போய் ஒளிக்கிறாயே!

"அப்பாவுக்குப் பக்கவாதம். உடனிருந்து பார்த்துக்கொண்டேன். அவருடைய வங்கி வேலைகளையும் நானே கவனித்தேன்." இவ்வளவு போதும். கணீரென்று சொல்ல வேண்டாம், உன் குரலிலேயே சொல். அவர்கள் மேற்கொண்டு கேட்டால் கைநாட்டுக்கு அலைந்த கதையைச் சொல்.

அதற்கு முன், அப்பாவிடம் உட்கார்ந்து, இதை நேர்காணலில் சொல்லப் போகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு. அவரிடம் சொல்லவே தொண்டை அடைத்தால், இன்னொரு ஒத்திகை நேர்காணலுக்குப் பணம் கட்டாதே. ஒரு மனநல ஆலோசகரை நேரில் போய்ப் பார்.