மரப்பட்டையில் லைக்கன் இருந்தால் காற்று சுத்தமா?

கேள்வி: எங்கள் பள்ளியைச் சுற்றியுள்ள மரங்களின் பட்டையில் லைக்கன் திட்டுகள் நிறைய இருக்கின்றன. லைக்கன் இருந்தால் காற்று சுத்தம் என்கிறார்கள். மாணவர்களை வைத்து இதன் மூலம் காற்று மாசைக் கணிக்க முடியுமா?

பதில்: முடியும். ஆனால் ‘இருக்கிறது, அதனால் சுத்தம்’ என்று முடிவு கட்டிவிடாதீர்கள். எந்த வகை இருக்கிறது என்பதில்தான் விஷயமே.

லைக்கன் என்பது பூஞ்சையும் பாசியும் சேர்ந்து நடத்தும் கூட்டுக்குடித்தனம். அதற்கு வேர் கிடையாது, இலைகளுக்கு உள்ள மெழுகுப் பூச்சும் கிடையாது. மழையிலும் காற்றிலும் வருவதை உடம்பு முழுக்க உறிஞ்சிக்கொள்ளும், நச்சையும் சேர்த்துத்தான். பாரிஸின் லக்ஸம்பர்க் பூங்காவில் லைக்கன்களைக் கவனித்த பின்லாந்து தாவரவியலாளர் நைலாண்டர், 1866லேயே அவற்றைக் காற்றின் தரத்தோடு தொடர்புபடுத்திவிட்டார்.

பொதுவாக, தாடிபோலத் தொங்குபவை கந்தக டை ஆக்சைடுக்கு முதலில் பலியாகும். இலை வடிவிலானவை கொஞ்சம் தாங்கும். பட்டையோடு ஒட்டிய சொறிபோன்றவை கடைசிவரை நிற்கும். இதற்கு விதிவிலக்குகளும் உண்டு. சாந்தோரியா பரியெட்டினா என்ற மஞ்சள்-ஆரஞ்சு இலை வகைக்கு நைட்ரஜன் சத்து பிடிக்கும். அமோனியா மாசு மிகுந்த இடத்தில் அது செழித்துக் கிடக்கும். பார்க்க அழகு, ஆனால் நல்ல சேதி இல்லை!

சரி, எப்படிச் செய்வது? ஒரே இன மரங்களாக, நேராக நிற்பவையாக, ஏறக்குறைய ஒரே பருமனில் தேர்ந்தெடுங்கள். இதில் சலுகையே காட்டாதீர்கள். பட்டையின் அமிலத்தன்மை மரத்துக்கு மரம் மாறும், அதற்கேற்ப லைக்கனும் மாறும். இனத்தைக் கலந்தால் நீங்கள் கணிப்பது பட்டையைத்தான், காற்றை அல்ல. 10 செ.மீ. சதுரங்கள் ஐந்தை ஏணிபோல அடுக்கி, கம்பியிலோ கயிற்றிலோ ஒரு சட்டம் செய்துகொள்ளுங்கள். தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் அதன் அடிப்பக்கம் வரும்படி, மரத்தின் நான்கு திசைகளிலும் வைத்து, ஒவ்வொரு வகையும் எத்தனை சதுரங்களில் இருக்கிறது என்று எண்ணுங்கள். ஐரோப்பியத் தர முறையும் ஏறக்குறைய இதுதான். பெயர் தெரியாவிட்டால் வடிவத்தை வைத்துப் பிரித்தாலும் தொடக்கத்துக்குப் போதும். சுரண்டி எடுக்க வேண்டாம், படம் எடுங்கள். அப்புறம், சாலையோர மரங்களையும் சாலையை விட்டுத் தள்ளியிருக்கும் மரங்களையும் ஒப்பிடுங்கள்.

இன்றைய நுண்துகள் அளவு எவ்வளவு என்று லைக்கன் சொல்லாது. அதற்குக் கருவிதான் வேண்டும். பல வகைகள் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும். ஆகவே அதே மரங்களில் அடையாளம் போட்டு வைத்து, சில ஆண்டுகள் கழித்து மறுபடி எண்ணுங்கள்.